நான்காவது மரை

விளக்கை அணைத்த மறுநொடி
அது மேலே வரத் தொடங்குகிறது.
பழைய லிஃப்டைப் போல முனகிக்கொண்டு,
இடையில் எங்கேயோ ஒருமுறை குலுங்கி,
என் நெற்றிக்கு நேரே நின்று
கதவைத் திறக்கிறது:

நான்காவது மரையை முறுக்கினாயா?

முறுக்கினேன்.
கில்தானியில், பதினேழாம் எண் கட்டடத்தில்,
மாலை நாலரைக்கு,
என் சொந்த ஸ்பானரால்.
உள்ளங்கையில் இதோ அழுத்திய தடம்.

சரி என்று கீழே போகிறது.
போய், அடுத்த ஆளை ஏற்றிக்கொண்டு வருகிறது:
அது நாலாவதுதானா,
இல்லை மூன்றாவதையே இரண்டுமுறையா?

திபிலிசியின் இந்தப் பக்கத்தில்
லிஃப்ட் காசில்லாமல் நகராது.
உள்ளே ஒரு தகரப் பெட்டி.
இருபது தெத்ரி விழுந்தால்தான் பொத்தானுக்கு உயிர் வரும்.
துக்கம் விசாரிக்க வந்தவர்கள்கூட
கறுப்புக் கோட்டுப் பையில் துழாவுவார்கள்.
இது ஒன்று மட்டும்
விடிய விடிய ஓசியில் ஏறி இறங்குகிறது.

திராட்சைச் சாராயம் ஒரு கிண்ணம், என்றான் ஜும்பேர்.
குடித்தேன். இன்னும் வேகமாக வந்தது.
நினைக்காதே, என்றார் மருத்துவர்.
அதையும் நினைத்தேன்.
ஆயிரத்திலிருந்து ஏழேழாகக் கழித்துப் பார்,
என்றாள் மருந்துக்கடை எத்தெரி.
பொறுமையாகக் கழித்தேன். மீதி ஆறு.
தட்டு ஒன்றுக்கு ஆறு மரைகள்.
அதில் நான்காவது?

போன மாதம் ஓரிரவு
பைஜாமாவின் மேல் கோட்டை மாட்டிக்கொண்டு
போயே விட்டேன்.
மணி இரண்டரை. பனி.
காதில் மஞ்சள் வில்லை மாட்டிய மூன்று தெருநாய்கள்
எதுவும் கேட்காமல் வாசல்வரை வந்தன.
எட்டாம் மாடி, அதற்கும் மேல் ஏணி, வாயில் டார்ச்.
மரை அசையவில்லை.
விரலால் தொட்டேன், பிறகு கன்னத்தால்.
குளிர்ந்து, கெட்டியாக,
என்னைப் பற்றி எந்த அபிப்பிராயமும் இல்லாமல்
இருந்தது.

இறங்குகையில் ஐந்தாம் மாடி தாண்டவில்லை:
தொட்டபோது தளர்த்திவிட்டாயோ?

சிரித்துவிட்டேன், தனியாக, அந்தப் பெட்டிக்குள்.
மரை எங்கே கழன்றிருக்கிறது என்று
அப்போதுதான் தெரிந்தது.

இப்போது தலைமாட்டில் இரண்டு சாஸர்கள்.
ஒன்றில் சில்லறை. மற்றது காலி.
அது வந்து கதவைத் திறந்தால்
விளக்கைப் போடுவதில்லை, வாதாடுவதில்லை,
ஸ்பானரைச் சாட்சிக்கு அழைப்பதில்லை.
இருட்டில் தடவி ஒரு காசை எடுத்து
காலிச் சாஸரில் போடுகிறேன்.
கிளிங்.
வந்தாயா. ஏறிக்கொள்.
எந்த மாடி வேண்டுமோ போ.

முதல் இரவு முப்பத்தெட்டு காசு.
மறுநாள் நாற்பத்தொன்று.
அதற்கடுத்த நாள் ஒன்பதுதான், நிமிர்ந்து நடந்தேன்.
ஆய்வாளர் வந்த வாரம் சில்லறையே போதவில்லை,
எழுந்துபோய்
நாஸிப்ரோலாவின் கைப்பையில் திருடினேன்.

அவள் பாதித் தூக்கத்தில் கேட்டாள்:
யாருக்கு டிக்கெட் எடுக்கிறாய்?
நம்ம ஆள்தான், என்றேன்.
ம், என்று திரும்பி
போர்வையில் முக்கால் பங்கை
வழக்கம்போல் எடுத்துக்கொண்டாள்.

இன்று காலை எழுந்தபோது
சாஸரில் பத்து காசு.
பதினொன்றாவது கைக்குள்ளேயே இருந்தது,
சூடாக. தோலில் அதன் வட்டம் பதிந்திருந்தது.
கட்டணம் விழாமல்
எங்கோ இரண்டு மாடிகளுக்கு நடுவே
அது நின்றுபோயிருக்க வேண்டும்.

பழுதுபார்க்க
யாரும் என்னைக் கூப்பிடவில்லை.